பத்தமடைப் பாய்க்கு ஒரு புரொஃபைல் பிறந்த அறை

உள்ளே விட்டுவிட்டார்கள்! பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடி அறை. தரையில் பாய், பாய் மேல் லேப்டாப், பக்கத்தில் ஒரு தட்டு நிறைய காராச்சேவு, மின்விசிறிக்கு அடியில் நாங்கள் மூன்று பேர். ஒரு வியாபாரியின் லிங்க்ட்இன் புரொஃபைலைத் தலை முதல் கால் வரை மாற்றி எழுதப் போகிறார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், எழுதலாம். யார் பெயரையும் வெளியே சொல்லக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இப்படி ஒரு வாய்ப்புக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தேன். எழுதி முடித்த புரொஃபைல்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. அவை எழுதப்படுகிற அறையை யார் பார்த்திருக்கிறார்கள்?

வியாபாரி சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். இன்ஜினியரிங் படித்து, சென்னையில் வேலை பார்த்து, ஊர் திரும்பியவர். பத்தமடையில் நெய்கிற குடும்பங்களிடம் கோரைப் பாயும் மேசை விரிப்பும் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறார். லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அவருடைய அண்ணன் மனைவி. நெல்லை வழக்கில் மைனி. பல வருடம் ஓட்டல்களுக்குச் சாமான் வாங்கும் பர்ச்சேஸ் வேலையில் இருந்தவர். நூறு பேர் விற்க வருவார்கள், அவர்களில் இரண்டு பேரைத் திரும்பக் கூப்பிடுவார். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று எப்படி முடிவு செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். இந்த அறைக்குள் வரத் துடித்ததற்குக் காரணமே அதுதான்: விற்கிறவரின் பக்கத்தை, வாங்கிப் பழகிய கை எழுதப் போகிறது.

லேப்டாப்பைத் திறந்ததும் எழுதத் தொடங்குவார் என்று பார்த்தால், மைனி நேரே செட்டிங்ஸுக்குப் போனார். புரொஃபைலில் செய்கிற மாற்றங்களைத் தொடர்பில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அறிவிக்கும் பட்டன் ஒன்று அங்கே இருக்கிறது. அதை அணைத்தார்.

"வெள்ளையடிக்கும்போது கதவச் சாத்திட்டுத்தான் தம்பி அடிக்கணும். முடிஞ்ச பெறகு திறந்து காட்டுவோம்."

அடுத்து, லாகின் செய்யாத வேறொரு பிரவுசரைத் திறந்து, தம்பியின் புரொஃபைல் முகவரியைத் தட்டினார். முன்பின் தெரியாத ஒருவர் பார்த்தால் என்ன தெரியும் என்று பார்க்க வேண்டுமாம். வெளியாளுக்கு லிங்க்ட்இன் பாதியை மறைத்துத்தான் காட்டும். காட்டுகிற பாதியில் இருந்தது: ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டிய முகம், தோளில் வேறு யாருடைய கையோ. பெயர். அதற்குக் கீழே ஒரு வரி. முகவரியின் கடைசியில் எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக ஒரு வால். அந்த வாலை நாமே வெட்டி, பெயரையும் தொழிலையும் வைத்துச் சுருக்கமான முகவரியாக மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. மாற்றி முடிக்க ஒரு வாய் காராச்சேவு தின்னும் நேரம் ஆனது. விசிட்டிங் கார்டில் அச்சடிக்கும்படி ஒரு முகவரி வந்துவிட்டது.

பிறகுதான் அந்த ஒரு வரிக்கு வந்தார்கள். அதற்கு ஹெட்லைன் என்று பெயர். பழைய ஹெட்லைனை அப்படியே தருகிறேன்: 'பேஷனேட் ஆந்த்ரப்ரனர். விஷனரி லீடர். சொல்யூஷன் ப்ரொவைடர். ட்ரீம் பிக்.'

"இதுல என்ன மைனி குறை? எல்லாரும் இப்படித்தான போட்டிருக்காவ?"

"அதான் குறை. எல்லாரும் போட்டிருக்காவ. நான் பெங்களூர்ல ஒரு ஓட்டலுக்குப் பாய் தேடுதேன்னு வைங்க. தேடுற பெட்டியில என்ன அடிப்பேன்? விஷனரின்னா அடிப்பேன்?"

தம்பி சிரித்துவிட்டார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை! இந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஹெட்லைனுக்கு லிங்க்ட்இன் தருகிற இடம் 220 எழுத்து. நம் பெயர் அந்தத் தளத்தில் எங்கே போனாலும் இந்த வரி கூடவே போகும். தேடினால் வருகிற பட்டியலில், யாருக்காவது அனுப்பும் அழைப்பில், எங்கேயோ எழுதுகிற ஒரு கருத்தின் தலையில். போன் திரையில் அதன் முன்பாதிதான் தெரியும். ஆகவே சரக்கு முதலில் வர வேண்டும், யாருக்கு என்பது இரண்டாவது, ஊர் மூன்றாவது. நம்மைப் பற்றிய அடைமொழிக்கு அங்கே இடமே இல்லை.

ஒரு மணி நேரம் அந்த ஒரு வரிக்குப் போனது. 'கைவினைப் பொருட்கள்' என்று தம்பி எழுதினார்; மைனி அடித்தார், பாய் தேடுகிறவர் பாய் என்றுதான் தேடுவார் என்று. 'உலகத்தரம்' வந்தது, போனது. 'நிறுவனர்' என்ற சொல்லைக் கைவிடத் தம்பிக்கு மனசில்லை. அது கீழே அனுபவப் பகுதியில் தானாக வரும், இங்கே எதற்கு என்று மைனி கேட்டார். கடைசியில் நின்றது ஆங்கிலத்தில், தமிழில் இப்படி வரும்: 'பத்தமடைக் கோரைப் பாய், மேசை விரிப்பு. ஓட்டல்களுக்கும் இன்டீரியர் டிசைனர்களுக்கும் கேட்ட அளவில் நெய்து தருகிறோம். திருநெல்வேலி.'

தமிழிலேயே எழுதினால் என்ன என்று நான் கேட்டேன். உடனே தட்டிப் பார்த்தோம். 'திருநெல்வேலி' நமக்கு 6 எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் 12! கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்தாக எண்ணப்படுகின்றன. ஆங்கிலத்தில் எழுதினால் 11. ஆக, ஊர் பெயரைப் பொறுத்தவரை இரண்டு மொழிக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். வாங்குகிறவர்கள் மும்பையிலும் துபாயிலும் இருப்பதால் ஹெட்லைன் ஆங்கிலத்தில் நின்றது. ஆனால் சரக்கின் பெயர் தமிழில் ஒரு முறையாவது புரொஃபைலுக்குள் இருக்கட்டும் என்று மைனி சொன்னார். தமிழில் தேடுகிற வெளிநாட்டுத் தமிழர் கையில் அது ஒரு நாள் சிக்கும்.

ஊர் பெயரை வைத்தே சரக்கை விற்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதா என்ன? பாபநாசத்தில் மலையிறங்கி வருகிற தாமிரபரணியோடு கிழக்கே நடந்து வாருங்கள். அம்பாசமுத்திரம் என்றால் மரச் செப்புச் சாமான். கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். காருகுறிச்சி என்றால் மண்பானை. பத்தமடை என்றால் பாய். திருநெல்வேலி என்றால் அல்வா. ஒவ்வொன்றும் இரண்டே சொல்லில் ஒரு ஹெட்லைன், அதில் 'விஷனரி' எங்கேயும் இல்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிற அந்த அல்வாக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய விளக்கு வெளிச்சத்தில் சாயங்காலம் மட்டும் வியாபாரம் நடந்த கடை. வந்து வாங்கிப் போனவர்கள் அடையாளத்துக்கு இருட்டுக்கடை என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது. வாங்குகிறவர் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அந்தச் சொல்லை முன்னால் வைத்தால் போதும். மைனி அந்த மாடியில் செய்ததும் அதுதான்.

மறுநாள் காலை பத்தமடைக்குக் கிளம்பினோம். புரொஃபைலின் மேல்பக்கம் நீளமாக ஒரு படம் வைக்க இடம் இருக்கிறது, பேனர் என்பார்கள். தம்பி அங்கே வைத்திருந்தது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கண்ணாடிக் கட்டடங்களின் படம். எந்த ஊர்க் கட்டடமோ! அதை எடுத்துவிட்டு உண்மையான தறியைப் படம் எடுக்கப் போனோம்.

நெய்கிற அக்கா வீட்டு முன்னறையில் தரையோடு தரையாகப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கத்தில் ஈரத் துணியில் சுற்றிய கோரை. நான் குனிந்து ஒரு இழையைக் கையில் எடுத்தேன். தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இது ஒரு புல்! ஆற்றோரத்துக் கோரையை அறுத்து, கத்தியால் நெடுக்கே கிழித்து, நடுவிலிருக்கிற சோற்றை எடுத்து, காயவைத்து, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, அது ஊதிப் பெருத்ததும் மறுபடி காயவைத்து, மறுபடி மெலிதாகக் கிழித்து இந்த இழைக்கு வருகிறார்கள். அக்கா ஒரு நீளக் குச்சியின் முனையில் இழையைக் கோத்துப் பாவுக்குள் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார். அச்சை இழுத்துத் தட்டினார். அடுத்த இழை. தட்டு. அடுத்தது. கால் மணி நேரம் பார்த்தேன். பாய் வளர்ந்தது என் சுண்டுவிரல் அகலத்துக்குக்கூட இல்லை. பட்டுப்பாய் என்று சொல்லப்படுகிற மிக மெல்லிய ரகம் 100 முதல் 140 கவுண்ட் வரை போகும். துணிபோல மடித்து வைக்கலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தருகிற பாயும் இங்கேதான். இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு.

பேனருக்கான அளவு 1584-க்கு 396 பிக்சல். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக உயரத்தைப்போல நான்கு மடங்கு நீளம். முகத்தையோ கட்டடத்தையோ அதில் அடைக்க முடியாது, தலை வெட்டுப்படும். தரையில் நீட்டிக் கட்டிய பாவு இருக்கிறதே, அது அந்தக் கட்டத்தில் அளவெடுத்ததாகப் பொருந்தியது! ஒரு ஓரத்தில் அக்காவின் கைகள், நடுவில் பாதி நெய்த சிவப்பும் பச்சையும், மறு ஓரத்தில் வெறும் நூல். அக்காவிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தார்கள். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றார் அவர். தம்பியின் முகப்படத்தையும் அங்கேயே எடுத்தோம். வாசல் வெளிச்சத்தில், பின்னால் சுருட்டி வைத்த பாய்களோடு, கழுத்துக்கு மேல் மட்டும். கல்யாண வீட்டுக் கை காணாமல் போனது.

அந்த முன்னறையில் இன்னொன்று நடந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுவாமி சிவானந்தர் பிறந்தது இதே பத்தமடையில், 1887-ல். மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்து, பிறகு ரிஷிகேஷ் போய், 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தா குருவின் பெயரில் வெளிநாடுகளில் யோகா மையங்கள் அமைத்தார். இதை நான் பேச்சுவாக்கில் சொன்னதும் தம்பி துள்ளி எழுந்தார். "மைனி! யோகா! பாய்!" உலகம் முழுக்க யோகா செய்கிறவர்கள் விரிப்பு வாங்குகிறார்கள், அந்த விரிப்பு நெய்கிற ஊரே அந்தக் குருவின் ஊர். எனக்கும் தலை கிறுகிறுத்தது. மைனி மட்டும் நிதானமாக இருந்தார். சுவாமியின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது, அவருடைய மையங்களுக்கும் நமக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பத்தமடை அவர் பிறந்த ஊர் என்ற உண்மையை ஒரே வரியில், புரொஃபைல் அறிமுகத்தின் கடைசிப் பத்தியில் வைக்கலாம். யோகா மையம் நடத்துகிறவர் யாராவது கேட்டால், கோரை வியர்வையை எப்படித் தாங்கும், வழுக்குமா என்பதற்கு முதலில் பதில் வேண்டும். அந்த இரண்டு கேள்விக்கும் அக்காவிடமே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவது என்று முடிவானது.

மாடிக்குத் திரும்பினோம். இப்போது 'அபவுட்', நம்மைப் பற்றி நாமே எழுதுகிற அறிமுகப் பகுதி. மொத்த இடம் 2600 எழுத்து. ஆனால் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும், மீதியைப் பார்க்க ஒரு சொடுக்கு வேண்டும். பழைய 'அபவுட்' தம்பியின் சின்ன வயதுக் கனவில் தொடங்கியது. கனவு நல்ல கனவுதான். ஆனால் வாங்க வந்தவர் அந்தக் கனவைத் தாண்டிப் பாய்க்கு வரும்வரை காத்திருப்பாரா?

மைனி ஒரு தாளை எடுத்து, தான் வேலையில் இருந்தபோது புது ஆளிடம் வாங்கப் பயந்த காரணங்களை வரிசையாகச் சொன்னார். மாதிரி ஒரு விதமாகவும் சரக்கு ஒரு விதமாகவும் வரும் என்ற பயம். சொன்ன தேதிக்கு வராது என்ற பயம். பில் ஒழுங்காக இருக்காது. போனை எடுக்க மாட்டார். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் யார் பொறுப்பு? அவர் பேசப் பேச நான் வேகமாகக் குறித்துக்கொண்டேன். வாங்குகிறவரின் மனசுக்குள் நடப்பதை இவ்வளவு பக்கத்தில் இருந்து கேட்பது யாருக்குக் கிடைக்கும்! ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு வரி பதில் எழுதினார்கள். அதுவே புது 'அபவுட்' ஆனது. முதல் வரிகள் இவை:

'பத்தமடையில் கையால் நெய்த கோரைப் பாய்களையும் மேசை விரிப்புகளையும் ஓட்டல்களுக்கு அனுப்புகிறோம். முதலில் மாதிரி அனுப்புவோம். பிடித்த பிறகு ஆர்டர் கொடுத்தால் போதும். சரக்கு மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம்.'

கீழே அளவுகள், நிறங்கள், குறைந்தபட்ச எண்ணிக்கை, அனுப்ப ஆகும் நாள், ஈரம் பட்டால் என்ன செய்வது. ஒரு இடத்தில் பெரிய வாக்குவாதம். கைநெசவில் அரை அங்குலம் கூடவோ குறையவோ வரும் என்று எழுத வேண்டும் என்றார் மைனி.

"அத எழுதினா வாங்குவாகளா மைனி?"

"எழுதலன்னாத்தான் திருப்பி அனுப்புவாவ. மொதல்லயே சொல்லிட்டா அது கைநெசவுக்கு அடையாளம். பெறகு சொன்னா சாக்கு."

எழுதினார்கள். அந்த வரியை நான் ரொம்ப ரசித்தேன். இன்னொரு நுணுக்கம்: ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, ஏற்றுமதிக்கான ஐஇசி இருக்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரருக்குத் தைரியம் வரும். ஆனால் இப்போது ஐஇசி எண்ணாகத் தருவது அந்தத் தொழிலின் பான் எண்ணையே. அதை ஊருக்கெல்லாம் தெரிய எழுதி வைக்க வேண்டாம், 'உண்டு' என்று சொல்லிவிட்டு, ஆர்டர் பேசும்போது தாளோடு அனுப்பலாம். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த விரிப்புப் படம் ஒன்றும் தறி ஓடுகிற சின்ன வீடியோ ஒன்றும் 'ஃபீச்சர்டு' பகுதிக்குப் போயின.

அடுத்தது பரிந்துரைகள். தம்பியின் பக்கத்தில் இரண்டு இருந்தன, இரண்டும் கல்லூரி நண்பர்கள் எழுதியவை, இரண்டிலும் 'கடின உழைப்பாளி'. மைனி உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வ.உ.சி. ஞாபகத்துக்கு வந்தார். 1906-ல் தூத்துக்குடியில் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியபோது விற்க வேண்டியிருந்தவை ஒன்றும் இரண்டும் இல்லை, 40,000 பங்குகள், ஒவ்வொன்றும் 25 ரூபாய். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்துக் கடலில் இறங்கப் போகும் கம்பெனிக்கு யார் பணம் போடுவார்கள்? அவர் தலைவராக உட்கார வைத்தது பாண்டித்துரைத் தேவரை. 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர், பாலவநத்தம் ஜமீன்தார். ஓடி ஓடிப் பங்கு சேர்த்த வ.உ.சி. தனக்கு வைத்துக்கொண்ட பதவி துணைச் செயலாளர்! ஊர் நம்புகிற பெயர் முன்னால் நின்றது, வேலை செய்கிற பெயர் பின்னால் நின்றது, பங்குகள் விற்றன, கப்பல்கள் வந்தன. லிங்க்ட்இன் பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னால், இதே சீமையில், பரிந்துரையின் பலம் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

மைனி இதைக் கேட்டுவிட்டு உடனே தம்பியிடம் யார் யாருக்குச் சரக்கு கொடுத்திருக்கிறார் என்று பட்டியல் எடுத்தார். குற்றாலம் பக்கம் ஒரு தங்கும் விடுதி. கொச்சியில் ஒரு டிசைனர். மதுரையில் ஒரு கல்யாணப் பரிசுக் கடை. மூவருக்கும் பரிந்துரை கேட்டு எழுதியாயிற்று. கேட்ட விதத்தைக் கவனியுங்கள். 'என்னைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்' என்று கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள், அவர்களுக்கு என்ன எழுதுவது என்றே தெரியாது. டிசைனருக்குப் போன செய்தி இது: 'போன வருடம் நீங்கள் கேட்ட பச்சை நிறம் முதலில் சரியாக வரவில்லை, மறுபடி நெய்து அனுப்பினோம். அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று அப்படியே எழுத முடியுமா?' தவறிப்போன நிறத்தைக் குறிப்பிடத் தம்பி தயங்கினார். மைனி விடவில்லை. அன்று சாயங்காலமே டிசைனரின் பதில் வந்துவிட்டது! பச்சை தவறியதும், யாரும் கேட்காமலே இவர் மறுபடி நெய்து அனுப்பியதும் அதில் இருந்தன. 'கடின உழைப்பாளி' என்ற சொல் இல்லை. நான் கைதட்டினேன்.

தொடர்புகளுக்கு வருவோம். லிங்க்ட்இன் ஆட்களை வட்டம் வட்டமாகப் பிரிக்கிறது. நேரடியாகத் தெரிந்தவர் முதல் வட்டம், அவருக்குத் தெரிந்தவர் இரண்டாவது, அதற்கும் அப்பால் மூன்றாவது. 2003 மே 5 அன்று தளம் வெளியான நாள் முதல் அதன் அடிப்படை இதுதான். 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியதும் இந்த வலையைத்தான். இரண்டாவது வட்டத்தில்தான் வியாபாரம் இருக்கிறது. முதல் வட்டம் நம்மிடம் வாங்க வேண்டியதை எப்போதோ வாங்கியிருக்கும். மூன்றாவதுக்கு நாம் யாரோ. நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் எந்த ஊர், யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்டு, மூன்றாவது கேள்விக்குள் பொதுவாக ஒரு ஆளைக் கண்டுபிடித்துவிடுகிற ஊர் இது!

இந்த ஊரிலிருந்து மும்பைக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம். ஓட்டல் வேலையில், கட்டட உள் அலங்கார வேலையில் இருக்கிற நெல்லைக்காரர்களைத் தம்பி தேடினார். பள்ளி, கல்லூரி பெயரைப் போட்டுத் தேடினால் வந்து குவிகிறார்கள். எல்லாருக்கும் ஒரேயடியாக அழைப்பு அனுப்பக் கை பரபரத்தது. மைனி தடுத்தார். இலவசக் கணக்கில் குறிப்பு எழுதி அனுப்புகிற அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு, குறிப்பில்லாத அழைப்பால் பயன் குறைவு. பத்துப் பேரை நன்றாகப் பார்த்து எடுத்தால் போதும். மாதிரிக்கு ஒரு குறிப்பு: 'அண்ணாச்சி, வணக்கம். நானும் நம்ம பாளை காலேஜ்தான். பத்தமடைப் பாயில் ஓட்டலுக்கான மேசை விரிப்பு செய்கிறோம். உங்கள் ஓட்டலில் இதை யார் பார்ப்பார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.' அதில் விலை இல்லை, 'வாங்குங்கள்' இல்லை. பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும் என்கிற கேள்விதான் இருக்கிறது. 'அண்ணாச்சி' என்பதை ஆங்கிலத்தில் எழுதலாமா என்று யோசித்து, தமிழிலேயே விட்டார்கள். துபாயில் அந்த எழுத்தைப் பார்க்கிற மனிதரின் முகத்தை நான் கற்பனை செய்துகொண்டேன்.

ஊர் பெயரை முகவரியில் போட்டால் சின்ன ஆள் என்று நினைப்பார்களோ, சென்னை என்று போடலாமோ என்ற சந்தேகம் தம்பிக்குக் கடைசிவரை இருந்தது. இந்தச் சந்தேகம் எனக்குக் கோபத்தை வரவழைக்கும் ஒன்று. தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் சாஃப்ட்வேர் நிறுவனமான ஜோஹோ 2011-ல் அலுவலகம் திறந்தது. உலகம் முழுக்கக் கம்பெனிகள் பயன்படுத்துகிற ஜோஹோ டெஸ்க் அங்கே உருவானதுதான். ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து அந்தப் பக்கத்துக் கிராமத்துக்கே குடிவந்தார், வயலையும் தெருவையும் மறைக்காமல் உலகத்துக்குக் காட்டினார். சாஃப்ட்வேருக்கே தென்காசி முகவரி கூச்சமில்லை என்றால், ஊரின் பெயராலேயே விலை போகிற பாய்க்குத் திருநெல்வேலி முகவரி போட ஏன் கூச்சம்? சொல்லிவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. சேரன்மகாதேவி, திருநெல்வேலி மாவட்டம் என்று முழுதாக ஏறியது.

எனக்கு மிகப் பிடித்த பொருள் கடைசியில்தான் வெளியே வந்தது. போன் செயலியில் நம் பெயரை நாமே சொல்லிப் பதிவு செய்யலாம், 10 வினாடி வரை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கிக் குறி வரும். தொட்டால் நம் குரல்! தமிழ்ப் பெயரை வடக்கே சிதைக்காமல் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா? தம்பி பெயரை மட்டும் சொன்னார். மைனி மறுபடி சொல்லச் சொன்னார், இந்த முறை பெயரோடு 'பத்தமடை'யும். பக்கத்து வீட்டுச் சேவல் நடுவில் கூவியது. இன்னொரு தடவை. இந்த முறை சுத்தமாக வந்தது, வினாடியும் மிச்சம் இருந்தது. நாங்கள் மூவரும் மாறி மாறி அந்தக் குறியைத் தொட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

அணைத்த பட்டனைத் திரும்பப் போட்டார் மைனி. அடுத்த சில நாளில் தேடல் பட்டியலில் தம்பியின் பெயர் வரத் தொடங்கியது. தேடியவர்கள் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் லிங்க்ட்இன் சொல்லும். முன்பெல்லாம் மாணவர்களும் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும்தான் இருப்பார்களாம். இப்போது முதல் முறையாகப் பர்ச்சேஸ்காரர்கள்! பெங்களூரில் ஒரு ஓட்டலிலிருந்து கேள்வி வந்தது. 60 மேசை விரிப்பு, ஓரத்தில் கறுப்புக் கோடு, நவம்பர் கடைசிக்குள் கிடைக்குமா?

'அபவுட்'டில் மூன்று வாரம் என்று எழுதியிருந்தார்கள். தம்பி 'முடியும்' என்று பதில் தட்டப் போனவர், மைனியின் முகத்தைப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"தம்பி, ஐப்பசி அடைமழையில கோரை எங்க காயும்? ஈரத்தோட நெஞ்சா ஒரே மாசத்துல கறுத்துப் போவும். காஞ்ச கோரை கைவசம் முப்பதுக்குத்தான் இருக்கு. மிச்சம் தை பொறந்துதான்."

ஓட்டலுக்கு அப்படியே எழுதினார் தம்பி. முப்பது நவம்பரில், முப்பது தை மாதத்தில், காரணம் மழை. மைனி 'அபவுட்'டைத் திறந்து, மூன்று வாரம் என்ற வரியில் 'மழை மாதங்கள் தவிர' என்று சேர்த்தார். ஓட்டல்காரர் சம்மதித்தார், கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: தை மாதச் சரக்கோடு, ஓரத்தில் ஓட்டல் பெயரையும் நெய்து தர முடியுமா? தம்பி மறுபடி அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.